மருந்துச் சீட்டு பேசும் மொழி!

டாக்டரிடம் போய் வந்த பாட்டி, மருந்துச் சீட்டை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்று உங்களைக் கேட்டதுண்டா? மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கும். வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்குபவரும் விழிப்பார். காரணம், அவை ஆங்கிலச் சொற்களே அல்ல. லத்தீன் சொற்களின் சுருக்கங்கள்!

முற்காலத்தில் ஐரோப்பாவில் மருத்துவ நூல்கள் லத்தீன் மொழியில் எழுதப்பட்டன. அந்த வழக்கம் ஆங்கில மருத்துவத்தோடு நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. சீட்டில், காலில் கோடு போட்ட 'ஆர்' எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 'ரெசிப்பே' என்ற லத்தீன் சொல்லின் அடையாளம். 'எடுத்துக்கொள்' என்று பொருள்.

மற்ற எழுத்துகள் என்ன சொல்கின்றன?

* ஓ.டி. – தினமும் ஒரு வேளை
* பி.டி. – தினமும் இரு வேளை
* டி.டி.எஸ். – தினமும் மூன்று வேளை
* ஏ.சி. – சாப்பாட்டுக்கு முன்
* பி.சி. – சாப்பாட்டுக்குப் பின்
* எச்.எஸ். – படுக்கப் போகும்போது
* எஸ்.ஓ.எஸ். – தேவைப்பட்டால் மட்டும்

சில டாக்டர்கள் 1-0-1 என்று எழுதுவார்கள். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று என்று அர்த்தம்.

கடைசியில் உள்ள எஸ்.ஓ.எஸ். கொஞ்சம் ஏமாற்றும். ஆபத்தில் சிக்கிய கப்பல் உதவி கேட்டு அனுப்பும் செய்தியும் இதே எழுத்துகள்தான். அதனால் 'உடனே விழுங்கு' என்று நினைத்துவிடக் கூடாது. வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் சாப்பிட வேண்டும். ஒரு நாளில் எத்தனை சாப்பிடலாம் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓ.டி.யும் அப்படித்தான். கண்ணாடிக்கான சீட்டில் அதற்கு 'வலது கண்' என்று பொருள்!

அவசரமாக எழுதிய ஓ.டி., பி.டி. போலத் தெரிந்தால் என்ன ஆகும்? ஒரு வேளை மருந்து இரு வேளையாகிவிடும். சில சர்க்கரை நோய் மாத்திரைகளை அப்படிச் சாப்பிட்டால், ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்து மயக்கமே வரலாம். மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது.

எனவே குழந்தைகளே, இந்தப் பட்டியல் தெரிந்துவிட்டது என்பதற்காக நீங்களே மருந்து கொடுத்துவிடாதீர்கள். மருந்துக் கடைக்காரரிடம், "எந்த வேளை? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். பதிலை மருந்து உறை மீது தமிழில் பெரிதாக எழுதி, பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். புரியாததைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? கேட்காமல் விட்டால்தான் ஆபத்து!