நைட்ரோ டிரக் வாங்கப் போறீங்களா? முதல்ல நீடிலைத் தெரிஞ்சுக்கோங்க

போன டிசம்பர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. ஓசூர் பனி இன்னும் விலகல. விக்காம கிடக்கும் ஒரு லேஅவுட் மண் ரோட்ல என் டிரக்கை ஸ்டார்ட் பண்ணி, ரெண்டே நிமிஷத்துல ஃபுல் த்ராட்டில் கொடுத்தேன். சத்தம் சும்மா கிழிச்சது. முதல் நாள் சாயங்காலத்தை விட வேகம். "செம ட்யூனிங்டா"ன்னு நானே எனக்கு சொல்லிக்கிட்டேன். மூணாவது ரவுண்ட்ல சத்தம் திடீர்னு நின்னுச்சு. என்ஜின் ஆறினதும் ஃப்ளைவீலை விரலால சுத்திப் பார்த்தேன். எந்த பிடிப்பும் இல்லாம சுத்துச்சு. கம்ப்ரெஷன் காலி. மூணு மாசம் ட்யூஷன் எடுத்து சேர்த்த காசு, மூணு ரவுண்ட்ல போயிடுச்சு.

தப்பு டிரக் மேல இல்லை, என் மேல. நாலு வருஷம் ஐசி என்ஜின் பேப்பர் எல்லாம் எழுதிப் பாஸான எனக்கு, கையளவு என்ஜின் ஒன்னு சொன்ன விஷயம் காதுல விழல. அது என்ன சொன்னதுன்னு இந்தக் கட்டுரையில எழுதறேன். நைட்ரோ டிரக் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

நைட்ரோ என்றால் என்ன?

ரிமோட்ல ஓடுற டிரக்ல ரெண்டு வகை அதிகம். ஒன்னு பேட்டரி, இன்னொன்னு நைட்ரோ. 1999-ல் வந்த டிராக்ஸஸ் டி-மேக்ஸ் மாதிரியான வண்டிகள்தான் பெரிய டயர் வைத்த நைட்ரோ மான்ஸ்டர் டிரக்குகளை உலகம் முழுக்கப் பிரபலமாக்கின. என்னுடையது வேற கம்பெனி, செகண்ட் ஹேண்ட். 0.15 என்ஜின், அதாவது 0.15 கன அங்குலம், சுமார் 2.5 சிசி.

இது ஒரு டூ-ஸ்ட்ரோக் என்ஜின். ஓசூர்க்காரங்களுக்கு இதை விளக்குறது ரொம்ப சுலபம். 1980-ல் நம்ம ஊர் ஃபேக்டரியில் இருந்து வெளியே வந்த டிவிஎஸ் 50 ஞாபகம் இருக்கா? பெட்ரோலோட 2டி ஆயில் கலந்து ஊத்துவாங்க. கியர் கிடையாது, ஆக்சிலேட்டர் திருகினா சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் தானா பிடிக்கும். என் டிரக்லயும் அதே கதைதான். எரிபொருள்லயே ஆயில் கலந்திருக்கும், கிளட்ச் ஷூ வேகம் கூடினதும் விரிஞ்சு பெல்லைப் பிடிக்கும். தாத்தாவோட மொபெட்டைத் தெரிஞ்சவனுக்கு பாதி டிரக் தெரிஞ்ச மாதிரி.

மீதிப் பாதியில்தான் வித்தியாசம். இதுல ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக். அதுக்குள்ள பிளாட்டினம் கலந்த ஒரு சின்ன கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு பேட்டரியால அதை சூடாக்குவோம். அப்புறம் பேட்டரியை எடுத்துடலாம். மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையும், கம்ப்ரெஷன் சூடும், எரியும் வெப்பமும் சேர்ந்து கம்பியை சிவப்பாகவே வைத்திருக்கும்.

எரிபொருள் மூன்று பொருட்களின் கலவை. பெரும்பகுதி மெத்தனால். 10 முதல் 30 சதவீதம் நைட்ரோமீத்தேன். மீதி ஆயில். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ, ஏன்னா அதோட மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கு. கிலோவுக்கு கிலோ பார்த்தா பெட்ரோல்லதான் சக்தி அதிகம். ஆனா சிலிண்டருக்குள்ள போற காற்று அளவானதுதானே? அதே காற்றுக்கு நைட்ரோமீத்தேனைப் பல மடங்கு அதிகமா எரிக்க முடியும், அதனால பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் எடுக்கலாம். இந்த 2.5 சிசி என்ஜின் 30,000 ஆர்பிஎம்-க்கு மேல கத்தும். 30,000 ஆர்பிஎம் என்றால் ஒரு நொடிக்கு 500 வெடிப்பு.

ரிச், லீன்: உயிர் போற விஷயம்

கார்புரேட்டர்ல மூணு ஸ்க்ரூ இருக்கும். ஹை ஸ்பீட் நீடில், லோ ஸ்பீட் நீடில், ஐடில் ஸ்க்ரூ. நீடிலை வலது பக்கம் திருகினா எரிபொருள் குறையும், அது லீன். இடது பக்கம் திருகினா கூடும், அது ரிச்.

காரில் லீன் ஆனா சென்சார் கண்டுபிடிச்சு ஈசியு சரி பண்ணும். இங்கே ஈசியு நீங்கதான். இன்னொரு பெரிய வித்தியாசம், இந்த என்ஜினுக்கு எரிபொருள்தான் ஆயிலும் கூலன்ட்டும். லீன் பண்ணா ஒரே நேரத்துல மூணும் குறையுது. சூடு கூடும்போது ஆயிலும் குறையும். ஆனா லீன் ஆன என்ஜின் சாகறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சூப்பரா ஓடும். எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். நானும் ஏமாந்தேன்.

ட்யூனிங் வரிசை

முதல்ல ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா ஓட்டி என்ஜினை சூடாக்குங்க. குளிர்ந்த என்ஜினை ட்யூன் பண்ணவே கூடாது.

அடுத்து ஹை ஸ்பீட் நீடில். ஃபுல் த்ராட்டில்ல ஓடும்போது சைலன்சர்ல இருந்து மெல்லிசா நீலப் புகை வரணும். புகை நிறைய, சத்தம் "பொட பொட"ன்னா ரிச். புகையே இல்லாம கீச்சுன்னு கத்தினா லீன், உடனே நிறுத்துங்க. ஒரு தடவைக்கு கடிகாரத்துல ஒரு எண் நகர்ற அளவு, அதாவது ஒரு சுத்துல 12-ல் ஒரு பங்கு மட்டும் திருகணும். திருகிட்டு ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம்தான் அடுத்தது.

மூணாவது லோ ஸ்பீட் நீடில். வண்டி ஐடில்ல நிக்கும்போது கார்புரேட்டர் பக்கத்துல எரிபொருள் டியூபைக் கிள்ளிப் பிடிங்க. ரெண்டு மூணு நொடியில ஆர்பிஎம் லேசா ஏறி நின்னா சரி. கிள்ளின உடனே நின்னா லீன். ரொம்ப நேரம் ஓடிக்கிட்டே இருந்தா ரிச். கடைசியாத்தான் ஐடில் ஸ்க்ரூ.

வெப்பம் பார்க்க இன்ஃப்ராரெட் கன் வாங்கிக்கோங்க. ஹெட்ல குளோ பிளக் பக்கத்துல 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பொதுவா நல்ல அளவு. கன் இல்லையா? ஹெட்ல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. மூணு நாலு நொடியில கொதிச்சு வத்தினா பரவாயில்லை. விழுந்ததும் "சுர்"னு துள்ளிக் காணாம போனா ஆபத்து.

ஓசூர் காற்று

இப்ப என் கதைக்கு வரேன். முதல் நாள் சாயங்காலம் சுமார் 28 டிகிரி இருந்தது. டாப் ஸ்பீடு ஆசையில நீடிலை ரெண்டு எண் அளவு லீன் பண்ணேன். புகை லேசா தெரிஞ்சது, விளிம்புல நின்னேன். மறுநாள் காலை சுமார் 15 டிகிரி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கணக்குப் போட்டா 301 கெல்வினை 288-ஆல வகுத்தா 1.045. அதாவது அதே கார்புரேட்டருக்குள்ள 4.5 சதவீதம் அடர்த்தியான காற்று. குளிர்ல ஆயில் கலந்த எரிபொருளும் கெட்டியாகி மெதுவா பாயும். நீடிலை நான் தொடவே இல்லை, ஆனா என்ஜின் லீன் ஆயிடுச்சு. காலையில கேட்ட அந்த சூப்பர் சத்தம் என்ஜினோட கடைசி சத்தம்.

ஐடியல் கேஸ் ஈக்வேஷனை எத்தனை தடவை எழுதியிருப்போம்! அது லேஅவுட் மண்ணுல வந்து நிக்கும்னு எனக்குத் தோணல.

இதே காரணத்தால யூட்யூப்ல சொல்ற செட்டிங்கை அப்படியே வைக்காதீங்க. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்க காற்றழுத்தம் சென்னையை விட கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைவு. இங்கே கச்சிதமா ட்யூன் பண்ண வண்டியை சென்னைக்கு எடுத்துட்டுப் போனா லீன் ஆகும். என்.எச். 44-ல கிருஷ்ணகிரிக்கு இறங்கினாலே உயரம் சில நூறு மீட்டர் குறையும், வெயிலும் கூடும். இடமோ நேரமோ மாறினா, முதல்ல நீடிலை ஒரு எண் ரிச் பண்ணிட்டு ஆரம்பிங்க. ரிச்ல ஓடினா வேகம்தான் போகும், என்ஜின் போகாது.

ரீபோர் பண்ண முடியாதா?

செத்த என்ஜினைத் தூக்கிக்கிட்டு சிப்காட் பக்கம் தெரிஞ்ச ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்க இருந்த அண்ணா ஸ்லீவை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு சிரிச்சார். "தம்பி, இது நேர் போர் இல்லப்பா. மேல சுருங்குது பாரு. இதுல நான் கை வெச்சா உன் காசுதான் வேஸ்ட்."

அவர் சொன்னது சரி. இந்த வகை என்ஜின்ல பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு. ரிங் கிடையாது. ஸ்லீவோட மேல்பகுதி கொஞ்சம் குறுகலா இருக்கும். குளிர்ல பிஸ்டன் மேலே போய் இறுகும், சூடானதும் ஸ்லீவ் விரிஞ்சு சரியான இடைவெளி வரும். அதனால புது என்ஜினை முதல் சில டேங்க் ரிச்சாக, மிதமான சூட்டில், நடுநடுவே நல்லா ஆற விட்டு ஓட்டிப் பழக்கணும். ஆற விடும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வெச்சுடுங்க, இல்லேன்னா குறுகின இடத்துல சிக்கி ஸ்லீவ் தேயும். தேஞ்சா செட்டா மாத்த வேண்டியதுதான். நானும் மாத்தினேன்.

எதை முதல்ல அப்கிரேட் பண்ணணும்?

எல்லாரும் பெரிய என்ஜின் பக்கம் ஓடுவாங்க. என் வரிசை வேற.

1. ஃபெயில்சேஃப்: ரிசீவர் பேட்டரி இறங்கினாலோ சிக்னல் போனாலோ த்ராட்டிலை மூடி பிரேக் போடும். பல ரிசீவர்லயே வரும், செட் பண்ணியிருக்கான்னு பாருங்க. மூணு நாலு கிலோ வண்டி கட்டுப்பாடில்லாம ஓடினா குழந்தை காலை உடைச்சிடும். கூடவே த்ராட்டில் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்னு.
2. ஏர் ஃபில்டர்: நம்ம செம்மண் தூசி உள்ளே போனா ஸ்லீவுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரி. ஃபோமை கழுவி, ஃபில்டர் ஆயில் பிழிஞ்சு போடணும்.
3. ஸ்டியரிங் சர்வோ, பேரிங்.
4. சஸ்பென்ஷன் ஆர்ம்: பளபளன்னு அலுமினியம் போட ஆசை வரும். பிளாஸ்டிக் ஆர்ம் வளைஞ்சு அடியை வாங்கிக்கும். அலுமினியம் அடியை அப்படியே சேஸிஸுக்கு அனுப்பும். ஆர்ம் விலை கம்மி, சேஸிஸ் விலை ஜாஸ்தி.
5. என்ஜின், பைப் எல்லாம் கடைசி.

செலவே இல்லாத அப்கிரேட் ஒன்னு இருக்கு. ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி, மிச்சத்தை எரிச்சு, ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விட்டு சுத்தி வையுங்க. மெத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அப்படியே விட்டா பேரிங் துருப்பிடிக்கும்.

எரிபொருள்: விளையாட்டு இல்லை

2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவங்க உயிரைப் பறிச்சது சாராயத்தில் கலந்த மெத்தனால்தான். நம்ம டிரக் டேங்கில் இருப்பதும் அதே மெத்தனால். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகலாம், உயிரும் போகலாம். தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும். அதனால தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. ஹாஸ்டல் ரூம்ல வைக்கக் கூடாது. கையுறை போடுங்க. மெத்தனால் நெருப்பு பகல்ல கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலா எரியும், அதனால திறந்த வெளியில மட்டும் நிரப்புங்க. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைக்க லைசென்ஸ் விதிகள் உண்டு. லேப்ல இருந்து எடுத்து நாமளே கலக்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க. சீல் உடையாத ரெடிமேட் எரிபொருள், பில்லோட, அவ்வளவுதான். பஸ்லயும் ரயில்லயும் எடுத்துட்டுப் போகாதீங்க.

அப்ப வாங்கலாமா?

நம்ம மாவட்டத்துல இப்ப போச்சம்பள்ளியில ஓலா, ஓசூர்ல ஏதர்னு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் லைன்ல இறங்குது. பேட்டரி டிரக்கும் நைட்ரோவை வேகத்துல தாண்டிடுச்சு. வேகம் மட்டும் வேணும்னா, சத்தம் பிடிக்காத பக்கத்து வீடு இருந்தா, பேட்டரியே வாங்குங்க. நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு என்ஜின் எப்படி மூச்சு விடுதுன்னு காதால, புகையால, விரலால தெரிஞ்சுக்கணும்னா நைட்ரோ மாதிரி வாத்தியார் கிடைக்காது. புது செட் போட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்ப லேஅவுட்டுக்குப் போனா, முதல் வேலையா நீடிலை ஒரு எண் இடது பக்கம் திருப்பறேன். வேடிக்கை பார்க்க வர்ற பொடியன் ஒருத்தன் தினமும் கேப்பான்: "அண்ணா, இன்னைக்கு ஏன் ஸ்லோவா போகுது?"

"குளிருதுடா"ன்னு சொல்வேன். புகை நீலமா வர வரைக்கும் காத்திருப்போம்.