தாடி ஓணான் திடீரெனச் சோர்ந்து கிடந்தால்...

நேற்றுவரை பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடித்த தாடி ஓணான் (பியர்டட் டிராகன்), இன்று அசையாமல் கிடக்கிறது. பதறிப்போய் வாயில் உணவைத் திணிக்காதீர்கள். முதலில் கூண்டின் வெப்பத்தை அளந்து பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழும் இந்தப் பல்லியினம், தன் உடலுக்குத் தேவையான வெப்பத்தை வெளியிலிருந்தே பெறுகிறது. அது வெப்பம் காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்சாதன அறையில் வெப்ப விளக்கு பழுதானால் உடல் குளிர்ந்து செரிமானம் தடைபடும். அந்நிலையில் ஊட்டும் உணவு வயிற்றிலேயே அழுகக்கூடும்.

விரல்கள் துடிக்கின்றனவா? கால்கள் நடுங்குகின்றனவா? கால்சியம் குறைந்திருக்கலாம். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை. அதைத் தோலில் உருவாக்குவது புற ஊதா-பி கதிர். பழைய விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் அதில் இக்கதிர் குறைந்திருக்கும்.

வெப்பம் காயும்போது வாயைத் திறந்து வைத்திருப்பது இயல்பே. ஆனால் வாயைப் பிளந்து, தலையை உதறி, உடலும் கறுத்தால் அது ஆபத்து. மின்மினியைத் தின்றிருக்கலாம். சில மின்மினிகளின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். ஒரே பூச்சி உயிரைப் பறித்துவிடும்.

இத்தகைய அறிகுறி தெரிந்தால் காத்திருக்காதீர்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, கதகதப்பாக வைத்து, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளிக்கும் கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள். கடைசியாக என்ன தின்றது, எப்போது மலம் கழித்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஊர்வன நோயை மறைக்கும். நமக்குத் ‘திடீர்’ எனத் தோன்றுவது பல நாள் நோயாக இருக்கலாம். எனவே வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள், மாணவர்களே!