குப்பைக்கூடையில் விழுந்த நல்ல செய்தி



கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சபையார் அனைவரும் கலைந்து சென்ற பின்னும் ஒரு வாலிபன் மட்டும் கடைசி வரிசை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பைக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். தாராவியில் நான்கு பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, கிடைத்த கூலி வேலையைச் செய்தவாறே, நாள்தோறும் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருந்தான். அவனை வழியனுப்புவதற்காக அவனுடைய தாயார் தமது காதுக் கம்மலை அடகு வைத்திருந்தார்கள் என்பதை நான் அறிவேன்.

"என்ன தம்பி?" என்று அருகில் சென்றேன். பதில் சொல்லாமல் கைபேசியை என்னிடம் நீட்டினான். புனேயிலுள்ள ஒரு தொழிற்சாலை அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. நாள், நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்த மின்னஞ்சல் வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. தேர்வு நாள் கடந்து ஐந்து நாட்கள் சென்றுவிட்டன. கடிதம் 'ஸ்பேம்' என்னும் குப்பைப் பெட்டிக்குள் விழுந்து கிடந்தது. வேறு ஏதோ ஒன்றைத் தேடியபோது அன்று காலையில்தான் தற்செயலாக அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

"நான் என்ன தப்பு செய்தேன் ஐயா?" என்றான்.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. கடிதம் எழுதிய அலுவலரும் செய்யவில்லை. இருவருக்கும் நடுவே நின்ற காவற்காரன், நல்லவனைக் கள்ளனென்று எண்ணிக் கதவை அடைத்துவிட்டான். அந்தக் காவற்காரன் யார், ஏன் தவறுகிறான், அவனிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருப்பது நல்லது.

காவற்காரன் வந்த கதை

வேண்டாத கடிதங்களின் வரலாறு 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி தொடங்குகிறது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துயர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே நேரத்தில் ஒரு விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். பெற்றவர்களில் பலர் கொதித்தெழுந்தனர். ஆனால் அனுப்புகிறவனுக்குச் செலவு ஏதுமில்லாத வழி ஒன்று உண்டென்று உலகம் கண்டுகொண்டது. இன்று உலகில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் ஏறக்குறைய பாதி இவ்விதக் குப்பைதான். வடிகட்டி ஒன்று இல்லாவிட்டால், மகனுடைய கடிதத்தையும் வங்கியின் அறிவிப்பையும் பொய் லாட்டரிச் சீட்டுகளுக்கு நடுவே நாம் தேட வேண்டியிருக்கும். எனவே காவற்காரன் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தக் காவற்காரனுக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஒரு சபைப் போதகர் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்! இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் பிரஸ்பிட்டேரியன் போதகராக இருந்த தாமஸ் பேயஸ் 1761-இல் மரித்தார். அவர் எழுதி வைத்திருந்த கணிதக் கட்டுரையை, அவருடைய நண்பரும் போதகருமான ரிச்சர்ட் பிரைஸ் ராயல் சொசைட்டிக்கு அனுப்ப, அது 1763-இல் அச்சேறியது. கண்ட அடையாளங்களைக் கொண்டு காணாத காரணத்தை எவ்வளவு நிச்சயத்தோடு ஊகிக்கலாம் என்பதே அதன் பொருள்.

சுமார் 240 ஆண்டுகளுக்குப் பின், 2002-இல், பால் கிரஹாம் என்னும் கணினி வல்லுநர் இந்தக் கணக்கைக் கொண்டு குப்பை அஞ்சலைப் பிரிக்கும் முறையை விளக்கி எழுதினார். முறை எளியது. குப்பை என்று தெரிந்த கடிதங்களையும் நல்லவை என்று தெரிந்த கடிதங்களையும் தனித்தனியே குவித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். புதிய கடிதம் வரும்போது அதிலுள்ள சொற்கள் எந்தக் குவியலைச் சேர்ந்தவையாகத் தோன்றுகின்றன என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்றைய வடிகட்டிகள் இதைவிடச் சிக்கலானவை. சொற்களோடு, அனுப்பியவரின் முகவரி, அவருடைய பழைய நடத்தை, இணைப்புகள் ஆகியவற்றையும் பார்க்கின்றன. ஆயினும் அடிப்படை அதுவே: சாயலைப் பார்த்துத் தீர்ப்பு.

கிரஹாம் செய்த இன்னொரு காரியத்தை நான் மறப்பதில்லை. குப்பை ஒன்று தப்பி உள்ளே வந்தால் அது சிறு தொல்லை. நல்ல கடிதம் ஒன்று குப்பைக்குப் போனால் அது பெரும் தீங்கு என்று அவர் கருதினார். ஆகவே ஒரு சொல் நல்ல கடிதங்களில் வந்த எண்ணிக்கையை வேண்டுமென்றே இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். குற்றமற்றவனுக்குச் சாதகமாகத் தராசைச் சற்றே சாய்த்து வைத்தார்.

குற்றமற்றவன் அகப்படுவது ஏன்?

தராசை எவ்வளவு சாய்த்து வைத்தாலும் பிழை நேரத்தான் செய்கிறது. ஆயிரம் நல்ல கடிதங்களில் ஒன்றுதான் தவறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒரு கோடி நல்ல கடிதங்களைக் கையாளும் இடத்தில் அது 10,000 கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் காத்திருக்கிறான்.

1996-இல் இங்கிலாந்திலுள்ள ஸ்கன்தார்ப் என்னும் ஊரார் ஏ.ஓ.எல். இணையச் சேவையில் தங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்ய முடியாமல் தவித்தார்கள். காரணம், அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்குள் ஓர் ஆங்கில ஆபாசச் சொல் அடங்கியிருந்தது. இயந்திரம் எழுத்துகளைக் கண்டது; ஊரைக் காணவில்லை. இவ்விதப் பிழைக்குக் கணினி உலகில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

2007 ஜனவரி முதல் நாளில் கத்தார் தேசத்திலிருந்து விக்கிப்பீடியாவைத் திருத்துவது தடைபட்டுப்போயிற்று. யாரோ சிலர் செய்த குறும்புக்காக ஒரு முகவரி தடை செய்யப்பட்டது. அந்த நாட்டின் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் சென்றது! தவறு தெரிந்தவுடன் சில மணி நேரத்தில் தடை நீக்கப்பட்டது.

இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதியின் தாராளக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துபோயிற்று. ஆகவே கைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அவர்களில் ஒருவன் மோசடி செய்தால், அதே முகவரியில் வரும் மற்றவர்களும் சந்தேகத்துக்குள்ளாகிறார்கள். "நீங்கள் மனிதர்தானா, நிரூபியுங்கள்" என்று அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. கண் மங்கிய முதியவர் ஒருவர், நம் தெருக்களில் காணவே முடியாத அமெரிக்கத் தீயணைப்புக் குழாயைப் படங்களில் தேடித் தொட வேண்டும்! விலாசத்தைக் கேட்டவுடனே முகம் சுளித்த அலுவலகங்களைப் பிழைக்க வந்த நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இணையத்திலும் அதே நிலைமைதான்.

நம் தேசத்தில் நடந்தது

வேண்டாத குறுஞ்செய்திகளைத் தடுக்க டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் புதிய விதிகளை வகுத்தது. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தாங்கள் அனுப்பும் செய்தியின் வாசக மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மாதிரியோடு பொருந்தாத செய்தியை நடுவழியிலேயே நிறுத்திவிடலாம். நோக்கம் நல்லதே. ஆனால் 2021 மார்ச் 8-ஆம் தேதி அந்த வடிகட்டி முழுமூச்சாக இயங்கத் தொடங்கியபோது, நாடெங்கும் ஓ.டி.பி. எண்கள் வராமல் நின்றன. வங்கிப் பரிவர்த்தனை, ஆதார் சரிபார்ப்பு, கோவின் தடுப்பூசிப் பதிவு எல்லாம் தடுமாறின. அறுபது வயது கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்த வேளை அது. பதிவு செய்யத் தவறியவை நிறுவனங்கள். கைபேசியைப் பார்த்துக் காத்திருந்தவர்களோ நம் பெற்றோர்கள். மறுநாளே டிராய் அந்தச் சோதனையை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் தவறு பலருக்கு ஒரே நேரத்தில் நேர்ந்தது, கூக்குரல் எழுந்தது, ஆகவே திருத்தப்பட்டது. தனி ஒருவனுக்கு நேர்ந்தால் கேட்பார் யார்? தாராவியில் ஓர் அறையில் இருக்கும் வாலிபனுக்கு, தன் கடிதம் அடைக்கப்பட்டது என்பதே தெரியாது. தெரிந்தாலும் முறையிட ஒரு மனிதக் குரல் மறுமுனையில் கிடைப்பது அரிது. பிழை செய்வது இயந்திரத்தின் இயல்பு என்று பொறுத்துக்கொள்ளலாம். பிழைபட்டவனுக்கு ஒரு வாசல் திறந்திராததுதான் அநீதி.

நானும் ஒரு காவற்காரன்

இங்கே என்னைக் குறித்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் சபையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளுக்கு இருதய அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. உதவி கேட்டு 180 குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். தலைப்பில் 'மிக அவசரம்' என்று எழுதி ஆச்சரியக்குறிகளை அடுக்கினேன். உள்ளே வங்கிக் கணக்கு எண்ணையும் ஓர் இணைப்பையும் வைத்தேன். ஒரு வாரம் கழிந்தும் இருபது பேர்கூடப் பதிலளிக்கவில்லை. வசதியுள்ள சில குடும்பங்களின் பெயர்களை நினைத்து, "இவர்களுக்கு இவ்வளவுதானா மனம்?" என்று உள்ளத்தில் கசந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு அவர்களில் ஒருவர் கை குலுக்கியபோது என் கையில் பழைய அன்பு இல்லை.

பிறகு ஒரு சகோதரி, "பாஸ்டர், உங்கள் கடிதம் ஸ்பேமில் கிடந்தது, இன்றுதான் பார்த்தேன்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். விசாரித்தேன், பெரும்பாலானோருக்கு அப்படியே நேர்ந்திருந்தது. மோசடிக்காரனின் கடிதத்துக்கும் என் கடிதத்துக்கும் சாயலில் ஒரு வேற்றுமையும் இல்லை. அவசரம், பணம், கணக்கு எண், இணைப்பு, ஒரே நேரத்தில் 180 பேர்! இயந்திரத்தை நான் எப்படிக் குறைசொல்வேன்? அது என் கடிதத்தைச் சாயலைப் பார்த்துத் தீர்த்தது. நானோ என் மக்களையே மௌனத்தைப் பார்த்துத் தீர்த்துவிட்டேன். வீடு வீடாகத் தொலைபேசியில் பேசினோம். பத்தே நாட்களில் தேவையான பணம் சேர்ந்தது. அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்குப் போகிறாள்.

நாம் செய்யக்கூடியவை

1. வாரத்தில் இருமுறையாவது ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். வேலை தேடுகிறவர்கள் நாள்தோறும் பாருங்கள். ஜிமெயிலில் அங்குள்ளவை 30 நாட்களுக்குப் பின் தாமாகவே அழிந்துவிடும்.

2. நல்ல கடிதத்தை அங்கே கண்டால், வாசித்துவிட்டு விட்டுவிடாமல் 'ஸ்பேம் அல்ல' என்பதை அழுத்துங்கள். அனுப்பியவரின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் திருத்தம் காவற்காரனுக்குப் பாடம்.

3. அங்கே கிடப்பவை எல்லாம் குற்றமற்றவை என்றும் எண்ணிவிடாதீர்கள். வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்பவை பெரும்பாலும் வலைகளே. சந்தேகமானால் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத் தனியே தேடிப் பேசுங்கள். ஓ.டி.பி. எண்ணை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

4. விண்ணப்பம் அனுப்பி ஒரு வாரமாகியும் பதில் வராவிட்டால் தொலைபேசியில் மரியாதையாகக் கேளுங்கள். மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. பலருக்கு எழுதும்போது சிறு சிறு குழுக்களாக அனுப்புங்கள். தலைப்பை அமைதியாக எழுதுங்கள். சொந்த இணைய முகவரி வைத்திருக்கும் சபை அலுவலகங்கள் கவனிக்க: கடிதம் உண்மையில் தங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் தொழில்நுட்ப முத்திரையை 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கியுள்ளன. அதை அமைத்துத் தரக் கணினி அறிந்த வாலிபர் ஒருவரைக் கேளுங்கள்.

6. நீங்களே கேட்டு வாங்கிய மடல் அலுத்துப்போனால் 'ஸ்பேம்' என்று அழுத்தாமல், அதிலிருந்து விலகும் பொத்தானை அழுத்துங்கள். அலட்சியமாக ஒரு விரல் செய்யும் காரியம் நேர்மையான ஒருவரின் பெயரைக் கெடுக்கக்கூடும்.

இவை நம் பங்கு. கதவை அடைக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு: அடைத்ததை அறிவிக்கட்டும், காரணம் சொல்லட்டும், முறையீட்டைக் கேட்க ஒரு மனிதரை வைக்கட்டும்.

அந்த வாலிபன் மறுநாள் புனேக்குத் தொலைபேசியில் பேசினான். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் அம்பர்நாத்தில் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தான். சம்பளம் சற்றுக் குறைவு. தாயாரின் கம்மலை இந்தக் கிறிஸ்துமஸுக்குள் மீட்டுவிடலாம் என்கிறான். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் தன் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்ப்பதோடு, அறையில் உள்ள மற்ற நால்வரையும் எழுப்பி, "உங்களுடையதையும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறானாம்.

நானும் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். எவரைக் குறித்தாவது மனம் கசக்கும்போது, அவரிடம் கண்ட நன்மைகளை இரட்டிப்பாக எண்ணிப் பார்க்கிறேன். அதன் பின்னும் சந்தேகம் நீங்காவிட்டால், தொலைபேசியை எடுத்து அவரிடமே கேட்டுவிடுகிறேன்.