குற்றாலச் சாரலும் வீட்டடி ஈரமும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கிழக்கே இறங்கத் தொடங்கிவிட்டால், தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் முதலிய ஊர்களில் வெயிலின் உக்கிரம் அடங்கி, பகலெல்லாம் தூறலும் காற்றுமாக ஒரு சீதளம் பரவிவிடுகிறது; அதனை நாடி எத்தனையோ ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து, தேக ஆரோக்கியம் பெற்ற நம்பிக்கையோடு ஊர் திரும்புகிறார்கள். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 160 மீட்டர் உயரமே உள்ள குற்றாலத்தை வெள்ளைக்காரத் துரைமார் திருநெல்வேலிச் சீமையின் ஆரோக்கிய ஸ்தலமாகக் கொண்டதற்கும், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் 1954-இல் காலமாகும்வரை அங்கேயே வாசம்செய்து, ராஜாஜி, கல்கி போன்ற நண்பர்களை வரவேற்று ரசனை விருந்து நடத்தியதற்கும் அந்தச் சீதோஷ்ணமே பெரிய காரணம். அதன் மகிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், இரண்டு நாள் தங்கிப் போகிற விருந்தாளியின் சுவாசம் வேறு. தரைத்தளத்து வீட்டில் ஆடி ஆவணியென்று மாதக்கணக்கில், பூஞ்சை பிடித்த சுவரின் ஓரம் பாய் விரித்துப் படுக்கிற உள்ளூர்க் குழந்தையின் சுவாசம் வேறு. அக்குழந்தைக்கு இரைப்பு வந்தால் பெரியவர்கள் சாரலைக் குறைகூறுவது வழக்கம். நம் அபிப்பிராயத்தில் வானத்தின்மேல் சுமத்தப்படும் அந்தக் குற்றத்தில் பெரும்பகுதி, வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணைச் சேர்ந்தது.

ஈரம் ஏறும் வழி

விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல்லும் காரையும் தம்முள் இருக்கும் நுண்ணிய துவாரங்களின் வழியே மண்ணிலுள்ள நீரை மேலே இழுக்கின்றன; இழுக்கப்பட்ட நீர் சுவரில் சாதாரணமாக இரண்டு மூன்றடி உயரம்வரை ஏறி, அங்கே காற்றில் ஆவியாகிவிட, அதனோடு கரைந்து வந்த உப்புகள் மட்டும் வெளுத்துப் பூத்து, பூச்சைப் பொருமச்செய்து, பொரிப்பொரியாக உதிர்த்துவிடுகின்றன. அவ்வுப்புகளுக்கும் ஒரு துர்க்குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே கிரகித்துக்கொள்ளும் சுபாவம் உடையவையாதலால், ஒருமுறை உப்பேறிய சுவர் மழையில்லாத நாளிலும் ஈரமாகவே நிற்கும். தரையிலும் இதே கதைதான். நம் பக்கத்து வீடுகளில் பேஸ்மட்டத்துக்குள் மண்ணையும் சரளையும் கொட்டி நிரப்பி, அதன்மேல் தளம் போடுகிறோம். அந்த நிரப்பு நனைந்திருக்கும்வரை நீராவி ஓயாமல் தளத்தை ஊடுருவி அறைக்குள் வந்துகொண்டே இருக்கும்.

தென்காசி வட்டாரத்தில் இந்த உபத்திரவம் இரண்டு பருவங்களின் கூட்டுறவால் நேர்வது என்பதைக் கவனிக்கவேண்டும். சாரல் அளவில் பெருமழையன்று. மழைமானியில் அது அதிகம் காட்டாது. ஆனால் வெயிலை மறைத்து, காற்றை ஈரத்தால் நிறைத்துவிடுவதால், உலர்ந்திருக்கவேண்டிய சுவரை அது உலரவிடுவதில்லை. அதற்குள் ஐப்பசி வந்து, வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகி, வயல்களின் அடிநீர் மேலெழும்புகிறது. நஞ்சை நிலத்தைப் பிளாட் போட்டு விற்று, அதில் அவசரமாக எழுப்பிய புது வீடுகளே இதில் அதிகம் அகப்பட்டுக்கொள்கின்றன. அந்நிலத்தில் முன்பு நெல் விளைந்ததென்பதை வீடு வாங்குகிறவர் மறக்கலாம், நீர் மறப்பதில்லை.

மூச்சுக்குழலில் நடப்பது

ஈரம் நிலைத்த சுவரில் பூஞ்சைக்காளான் வேர்கொள்கிறது. அது தூவும் விதைத்துகள்களும், உலர்ந்து உதிரும் அதன் துணுக்குகளும் கண்ணுக்குப் புலனாகாமல் காற்றில் மிதந்து, சுவாசத்தோடு உட்சென்று, ஒவ்வாமைச் சுபாவமுள்ளவர்களுக்கு மூக்கடைப்பு, தொடர்தும்மல், கண்ணரிப்பு ஆகியவற்றையும், சுவாசகாச நோயாளிகளுக்கு இரைப்பையும் உண்டாக்குகின்றன. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணி வேறு இருக்கிறது; அந்த ஜீவனுக்கு வேண்டிய நீரெல்லாம் காற்றின் ஈரத்திலிருந்தே கிடைப்பதால், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே நீடித்தால் அது பிழைக்காது; ஈர வீட்டிலோ பெருகித் தழைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இரைப்பு, சுவாசத்தொற்று ஆகியவை மிகுதி என்றும், இருக்கும் ஆஸ்துமா கடுமையாகிறது என்றும் கூறுவதற்குப் போதிய சான்று உண்டெனத் தெரிவித்தது. இத்தனை பூஞ்சைக்குமேல் ஆபத்து என்று எண்ணிக்கை ஒன்றை அது வகுக்கவில்லை. ஈரத்தையே தடுங்கள் என்றது. ஆகவே, காற்றைக் குப்பியில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பணத்தைச் செலவழிக்க அவசியமில்லை. சுவரில் கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டு, அறையில் புழுங்கிய வாடை மூக்கில் ஏறினால் அதுவே போதிய சாட்சியம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சாரல் இருமல்தானே என்று அலட்சியம் செய்து, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியும் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளாதிருப்பது தவறு; காசநோய்க்கும் அடையாளம் அதுவே. மற்றொன்று, குழந்தைக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை, பழக்கமாகிவிடும் என்று பயந்து அலமாரியில் பூட்டிவைப்பது. விழுங்கும் மாத்திரையைக் காட்டிலும் மிகச் சொற்பமான மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்க்கும் உபகரணம் அது, பயத்துக்கு இடமில்லை. வீட்டைச் செப்பனிடுவது மருந்துக்குத் துணையாகுமேயன்றி மருந்தின் ஸ்தானத்தைப் பிடிக்காது.

அமெரிக்க வீட்டின் அடிப்புறம்

வீட்டடி ஈரத்தைத் தடுப்பதில் அயல்நாட்டார் கற்ற பாடம் ஒன்றை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பல வீடுகள் தரையோடு தரையாக இராமல், மண்ணுக்கும் மரத்தளத்துக்கும் இடையே ஓராள் தவழ்ந்து செல்லுமளவு வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டவை. அவ்விடத்து ஈரம் போகக் காற்றோட்டம் வேண்டுமென்று சுற்றுச்சுவரில் துவாரங்கள் வைப்பது நெடுங்காலம் அங்கே சட்டமாகவே இருந்தது. பிற்காலத்து ஆராய்ச்சியில் அது விபரீதமாய் முடிவது தெரிந்தது. கோடையில் வெளியிலிருந்து புகும் உஷ்ணமான ஈரக்காற்று, வீட்டடியின் குளிர்ந்த உத்தரங்களில் பட்டுப் பனித்துளியாய்ப் படிந்து, மரத்தை உளுக்கச்செய்து பூஞ்சையை வளர்த்தது. எனவே, துவாரங்களை அடைத்து, மண்மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, ஓரங்களைச் சுவரோடு ஒட்டிவிடும் முறை இப்போது அங்கே பரவியிருக்கிறது. நம் ஊரில் அந்த வெற்றிடமும் இல்லை, அந்த மரத்தளமும் இல்லை. அதை அப்படியே பிரதிசெய்வது அசட்டுத்தனம். மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையே நீராவி புகாத ஒரு திரை வேண்டும் என்ற தத்துவம் மட்டும் நமக்கும் அங்குலம் பிசகாமல் பொருந்தும்.

மண்ணா, காற்றா?

செலவுக்கு முன் சோதனை. இரண்டு அடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்காற்றிலிருந்து படிந்தது. தளத்துக்குக் கீழே ஓடும் குழாய் கசிந்தாலும் அடிப்புறமே நனையுமாகையால், குழாயையும் பார்த்துவிடவேண்டும். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றியே இது ஈரம் வரும் திசையைக் காட்டிவிடும்.

நீரை விலக்கிய பின்பே மண்ணை மூடுதல்

சுவரடியில் தண்ணீர் தேங்கும்வரை எந்த மருந்துப்பூச்சும் வீண். இறவாரத்து நீர் சுவரோரத்திலேயே விழுந்து குழிபறிப்பதும், புறவாசல் அங்கணத்துக் கழிவுநீரைச் சுவரையொட்டி நட்ட வாழைக்குப் பாய்ச்சுவதும் நம்மிடையே சர்வசாதாரணம். வாழைக்கு நீர் பாய்வது நல்ல ஏற்பாடுதான். வாழை பத்தடி தள்ளி நிற்கட்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அவசரத்தில் அஸ்திவாரத்தை ஒட்டியே தோண்டிய குழிகள் பலவுண்டு. நிலத்தடி நீரை வளர்க்க வந்த அந்த உத்தமமான திட்டம், குழி வைத்த இடத்தால் வீட்டுச்சுவருக்கு நீர் ஊட்டுவதாகிவிட்டது. வீட்டைச் சுற்றியுள்ள மண் பத்தடித் தூரத்துக்கு அரையடியாவது வெளிப்புறமாகச் சரிந்திருக்கவேண்டும்.

தெருவைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதனால் தெரு உயர்ந்து, ஒருகாலத்தில் மூன்று படியேறிப் போன தார்சாவுக்கு இன்று இறங்கிப் போகவேண்டியிருக்கும் வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. சுரண்டிய பின்பே சாலை போடவேண்டுமென்று 2021-இல் தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு அறிவுறுத்தினார். அவ்விதி தம் தெருவில் கைக்கொள்ளப்படுகிறதா என்று கேட்பதும் ஆரோக்கிய காரியமே.

புதிதாகக் கட்டுவோருக்கு வழி எளிது. பேஸ்மட்டம் சுற்றுநிலத்துக்கு மேல் 45 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நியமம். பழைய நஞ்சையானால் அதனினும் உயர்த்துவது உசிதம். சுவர் தொடங்குமுன், பேஸ்மட்டத்தின் தலையில் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த ஒன்றரை இரண்டு அங்குலக் கான்கிரீட் பட்டையை இடைவெளியின்றிப் போட்டால், சுவர் வழி ஏறும் நீர் அங்கேயே நிற்கும். கொத்தனார்கள் இதை டிபிசி என்பார்கள். செலவைச் சுருக்க நினைக்கும் வீட்டுக்காரர் முதலில் கைவைப்பதும் இதில்தான். தளத்துக்கு, இறுக்கிய நிரப்பின்மேல் ஜல்லியும், அதன்மேல் மணலும் பரப்பி, 250 மைக்ரான் கனமுள்ள பாலிதீன் விரிப்பை ஓரடி மேற்படிய இணைத்து ஒட்டி, ஓரங்களைச் சுவரில் மேலேற்றி மடித்து, பிறகே கான்கிரீட் இடவேண்டும். விரிப்பில் ஆணிக்குத்து விழுந்தால் அங்கேயே ஒட்டுப்போடவேண்டும். பழைய வீட்டுக்கோ, அறை அறையாகத் தளத்தைப் பெயர்த்து இதையே செய்வதைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

சுவருக்கு மூச்சு வேண்டும்

மண்ணை மூடச் சொன்ன நாம் சுவரை மூடாதீர்கள் என்கிறோம். ஓதம் கண்ட சுவரில் சிமெண்டைப் பூசி, எனாமல் அடித்து, இடுப்புயரம் டைல்ஸ் ஒட்டிவிட்டால் கண்ணுக்கு அழகாயிருக்கும். உள்ளே அடைபட்ட நீர் ஆவியாக வழியின்றி, டைல்ஸைத் தாண்டி இன்னும் உயரத்தில் போய்ப் பூக்கும். கடுக்காய்ச்சாறும் கருப்பட்டிநீரும் சேர்த்த சுண்ணாம்புக் காரையைப் பூசிய பழைய கொத்தனார்கள் ரசாயனம் படிக்காதவர்கள். ஆனால் நீரை வெளியே விட்டு உலரும் சுவரை அவர்கள் கட்டினார்கள். குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்களில் ஓவியம் தாங்கி நிற்பதும் அவ்விதச் சுண்ணப்பூச்சே. எனவே, கறைக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, கோடையில் உலரவிட்டு, சுண்ணாம்பே பூசுங்கள். சுவரடியில் வரிசையாகத் துளையிட்டு நீர்விலக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் முறையும் உண்டு. கவனமாகச் செய்தால் பலன் தரும்; தேங்கும் நீரை அது தடுக்காது என்பதை விற்பவர் சொல்வதில்லை.

பூஞ்சையைத் துடைக்கையில் உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கலாகாது. துகள் அறையெங்கும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் நச்சுவாயு எழும், மறந்தும் கலக்கவேண்டாம். ஆஸ்துமாக்காரர் அவ்வேளையில் வீட்டிலேயே இருக்கக்கூடாது.

ஜன்னலும் ஈரத்துணியும்

சாரல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்தால் வீடு உலரும் என்பது அரைகுறை உண்மை. வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கையில் அதற்கு உள்ஈரத்தை ஏற்கும் சக்தி சொற்பம். ஆனாலும் முழுக்க அடைத்துவிட்டால், சமையலின் ஆவியும், குளியலின் ஆவியும், பட்டாசலில் கொடிகட்டிக் காயப்போட்ட துணிகளின் ஈரமும் உள்ளேயே சுற்றும். தூறல் விட்டு வெயில் கண்ட வேளையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பதும், அடுக்களையில் புகைவிசிறி ஓட்டுவதும், துணியைத் தனியறையில் மின்விசிறியடியில் உலர்த்துவதும் மத்திமமான வழி.

அரங்கில் கிடக்கும் தானியம்

ஜன்னலில்லாத அரங்கு வீட்டில் மூட்டையைத் தரையோடு அடுக்குகிற வழக்கம் இன்னும் போகவில்லை. ஈரம் பட்ட நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளடாக்ஸின் என்னும் விஷத்தைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதைத் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்ட அவ்விஷம், மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் விளைவிப்பது என்று இன்று ஐயமற நிலைநாட்டப்பட்டிருக்கிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றும் அழியாது. பூஞ்சை கண்ட கடலையைப் பொறுக்கிச் சட்னிக்கு ஆக்கும் சிக்கனம் வேண்டாம். நெல்லை ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்கு மேற்படாமல் உலர்த்தி, மரச்சட்டத்தின்மேல் சுவரைவிட்டு ஓரடி தள்ளி அடுக்கவேண்டும்.

வாடகைக் குடித்தனத்தார்க்கு

தளத்தைப் பெயர்க்க உரிமையில்லாதவர் செய்யக்கூடியது கொஞ்சமே; ஆயினும் உண்டு. கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் நகர்த்திவைத்தால் பின்னால் காற்று ஓடும். பாயை நேரே தரையில் விரிக்காமல் பலகையிலோ கயிற்றுக் கட்டிலிலோ விரிக்கலாம். போர்வைகளை வாரமொருமுறை வெந்நீரில் துவைக்கலாம். இரைப்புள்ள குழந்தையை, மாடியறை உண்டானால் அங்கும், இல்லையேல் ஓதமற்ற உட்சுவர் ஓரத்திலும் படுக்கவைக்கலாம். வீட்டுக்காரரிடம் பேசுவதென்றால் மாசியில் பேசிவிடவேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் உலராத சுவரை ஆனிக்குப் பின் உலர்த்த யாராலும் ஆகாது, கொத்தனார்களும் அப்போது கிடைக்கமாட்டார்கள்.