உலைக்குத் தப்பிய வெள்ளி



வீட்டில் பணமுடை வந்தால் நம் கை முதலில் எங்கே போகின்றது? நகைப் பெட்டிக்குத்தான். பாயையும் நாற்காலியையும் யாரும் அடகுக் கடைக்கு எடுத்துச் செல்வதில்லை. வெள்ளியை உருக்கினாலும் அதற்கு விலையுண்டு. இந்தப் பெருமையே வெள்ளிக் கலைப்பொருள்களுக்கு ஆபத்தாகவும் முடிகின்றது. பொருள் பெரிதானால் ஆபத்தும் பெரிது. ரஷ்ய நாட்டின் பழம்பெரும் வெள்ளிப் பொருள்கள் அரிதாகிப் போனதற்கு இது முக்கியக் காரணம். அவற்றுள் இரண்டின் கதையை இன்று காண்போம்.

1812ஆம் ஆண்டில் நெப்போலியனின் படை மாஸ்கோ நகரைக் கொள்ளையிட்டது. அந்த வெள்ளியில் ஒரு பகுதியைக் கொசாக்குக் குதிரைப்படையினர் மீட்டு, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் கசான் பேராலயத்துக்குக் காணிக்கையாக்கினர். அதைக் கொண்டு, புனிதர்களின் படங்களைத் தாங்கும் பெரிய வெள்ளித் தடுப்பு ஒன்று அங்கே எழுந்தது. பின்னர் 1921இல் வோல்கா ஆற்றுப் பகுதியில் கொடிய பஞ்சம் வந்தது. மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். 1922 பிப்ரவரியில், பஞ்ச நிவாரணத்துக்கென்று ஆலயச் செல்வங்களைப் பறிமுதல் செய்யச் சோவியத் அரசு ஆணையிட்டது. வெள்ளித் தடுப்பும் பெயர்க்கப்பட்டு உலைக்குப் போயிற்று.

அதே நகரில் மற்றொரு பெரும் பொருளும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கியின் வெள்ளி நினைவுப் பேழை அது. பேரரசி எலிசபெத்தின் கட்டளைப்படி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில், நாணயச் சாலையில் உருவானது. அதற்கான வெள்ளி சைபீரியாவின் கொலிவான் சுரங்கங்களிலிருந்து வந்தது. எடை ஏறக்குறைய ஒன்றரை டன்! 1922இல் இதற்கும் உலை காத்திருந்தது. ஆனால் அருங்காட்சியக அறிஞர்கள் விடவில்லை. "இதற்கு இணை வேறில்லை" என்று வாதாடி, எர்மித்தாஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சேர்த்தனர். பின்னரும் ஒரு முறை உருக்கும் பேச்சு எழுந்தது. அப்போதும் அது தப்பியது. 2023இல் உடன்பாட்டின்படி அது முன்பிருந்த மடத்துக்கே திரும்பியது.

பசித்தவனுக்குச் சோறுதான் முதலில். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளியை மீண்டும் தோண்டி எடுக்கலாம். அதைச் செதுக்கிய கைகளை மீண்டும் பெற முடியாது. எடைக்கு மேலும் ஒரு மதிப்பு உண்டென்று அறிந்த சிலர் உரிய வேளையில் வாய் திறந்தார்கள். அதனால்தான் அந்தப் பேழை இன்றும் இருக்கின்றது.