உஷார்! உங்கள் புராஜெக்ட்டில் பட்டாசுக் கடை இருக்கிறதா?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்க் கடைகளையெல்லாம் ஒரே வெப்சைட்டில் கொண்டுவரலாம் என்று குழுவாக உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். யோசனை நல்லதுதான். ஆனால் இந்த ஊர்களில் தளம் ஆரம்பித்தால் முதலில் வந்து நிற்பது மளிகைக் கடையா? யாராவது ஒரு அண்ணாச்சி, "நம்ம பட்டாசுக் கடையையும் ஏத்தி விடுப்பா" என்பார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: எந்த இணைய வணிகத் தளமும் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, அபராதமும் விழலாம். பிளிப்கார்ட், அமேசான் பெயர்கள் உத்தரவில் இருப்பதால் அது பெரிய முதலாளிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

"அப்படியானால் இத்தனை சிவகாசி சைட்டுகள் ஓடுகின்றனவே?" என்பீர்கள். உற்றுப் பாருங்கள். பலவற்றின் அடியில், ஆன்லைன் விற்பனைக்கு அனுமதி இல்லை, பட்டியலை அனுப்பினால் போனில் பேசுவோம் என்று ஒரு குறிப்பு இருக்கும். கார்ட் இருக்கும், பட்டனின் பெயர் மட்டும் 'என்கொயரி', 'எஸ்டிமேட்'. லைசென்ஸும் வக்கீலும் உள்ள வியாபாரி காட்டும் துணிச்சல் அது. உங்களிடம் என்ன இருக்கிறது? வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவில் உரிமமில்லாமல் விற்றாலும் அனுப்பினாலும் இரண்டாண்டு வரை சிறை. ரயிலில் பட்டாசுப் பார்சல் போட்டால் ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்று பேசும். "டெலிவரிதானே, நம்ம பசங்க பார்த்துக்குவாங்க" என்று ஸ்லைடில் எழுதும் முன் இதைப் படியுங்கள்.

அதைவிடப் பயப்பட வேண்டியது இன்னொன்று. தீபாவளி நெருங்கினால் பாதி விலை, எண்பது சதவீதத் தள்ளுபடி என்று போலிப் பட்டாசு சைட்டுகள் முளைக்கின்றன. பணம் போகும், பெட்டி வராது. தமிழக சைபர் கிரைம் போலீசே இதற்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அந்தக் கும்பலுக்குத் தேவை என்ன? தயாராக ஒரு டெம்ப்ளேட், யாரோ ஒருவர் பெயரில் டொமைன், யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கு. "புராஜெக்ட்டை விலைக்குத் தருகிறாயா, உன் ஜிபே நம்பரையே போட்டு விடு" என்று எவராவது கேட்டால் வாய் திறக்காமல் விலகுங்கள். புகார் வந்தால் போலீஸ் முதலில் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான்.

லேப் கம்ப்யூட்டரில் டெமோ காட்டுவது வேறு, நெட்டில் ஏற்றிப் பணம் வாங்குவது வேறு. கடைக்காரர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலையே வேண்டாம்.

பட்டாசுப் பிரிவை இன்றே நீக்குங்கள். அண்ணாச்சி கோபித்துக்கொண்டால் கடை முகவரியும் திறக்கும் நேரமும் மட்டும் போடுங்கள். வாங்குபவர் நேரில் வரட்டும். விற்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர்ச் சேவு, சிவகாசிக் காலண்டர் இருக்கின்றன; தின்பண்டக் கடையிடம் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர் யாராவது தெரிந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.