சல்லடைக்குள் சிக்கிய புரதம்

கண் மருத்துவமனையில் கருவியில் தாடையை வைத்து உட்கார்ந்ததும் ‘புஸ்’ என்று ஒரு காற்று வந்து கண்ணில் அடிக்கும். திடுக்கிட்டு இமைப்பதற்குள் கருவியில் ஓர் எண் வந்துவிடும். அது 10 முதல் 21 வரை இருந்தால் வழக்கமான கண் அழுத்தம். அதைத் தாண்டினால் டாக்டர் கண் அழுத்த நோயான கிளாக்கோமாவைச் சந்தேகிப்பார்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது? கண்ணின் முன்பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் திரவம் ஓயாமல் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக அது வடிய வேண்டும். வடியாமல் தேங்கினால், பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்கும். இது சமையலறைச் சல்லடை அல்ல. இதில் இருப்பவை உயிருள்ள செல்கள். அவற்றுக்கும் தாங்கமுடியாத நெருக்கடி வரும்.

இந்தச் செல்கள் தயாரிக்கும் மையோசிலின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தால் கிளாக்கோமா வரும் என்று 1997-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழு கண்டது. செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்றொரு பட்டறை உண்டு. வெளியே அனுப்பவேண்டிய புரதங்கள் மடிக்கப்படுவது அங்கேதான். பிழையான மையோசிலின் கோணல்மாணலாக மடிந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே குவிகிறது. செல் முதலில் சமாளிக்கப் பார்க்கும்: புது உற்பத்தியைக் குறைக்கும், மடிக்க உதவும் புரதங்களைக் கூட்டும். குவியல் குறையவே இல்லையென்றால் தன்னையே அழித்துக்கொள்ளும்; சல்லடையும் பழுதாகும்.

2011-ல் ஆராய்ச்சியாளர்கள் குலாப் ஸோடே, வால் ஷெஃபீல்டு குழுவினர் இந்தப் பிழையுள்ள மனித மரபணுவைச் சுமந்த எலிகளுக்குக் குடிதண்ணீரில் ஃபீனைல்பியூட்டிரேட் கலந்து கொடுத்தார்கள். பிறவியிலேயே யூரியா சுழற்சிக் கோளாறுள்ள குழந்தைகள் சாப்பிடும் பழைய மருந்து அது. வாயில் வைக்கமுடியாத சுவை. எலிகளின் செல்களில் குவியல் குறைந்தது, கண் அழுத்தமும் இறங்கியது.

கிளாக்கோமா நோயாளிகளில் இந்த மரபணுப் பிழை உள்ளவர்கள் 2 முதல் 4 சதவீதம்தான். அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஸ்டீராய்டு சொட்டுமருந்தால் அழுத்தம் ஏறிய எலிகளிலும் அதே பட்டறை நெருக்கடி இருப்பதை 2014-ல் ஸோடே குழு காட்டியது. கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் ஊற்றிக்கொள்கிறோமே, அந்தச் சொட்டில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும்.

இன்றைய மருந்துகளில் டிமோலால் திரவச் சுரப்பைக் குறைக்கிறது. லட்டானோப்ராஸ்ட் பெரும்பாலும் வேறு பாதையில் அதை வடியவிடுகிறது. இரண்டும் அழுத்தத்தை நன்றாகவே இறக்கும். உள்ளே சிக்கிய புரதத்தை மட்டும் தொடுவதில்லை.